பதிவில் இல்லாத வாக்கியம்

“நடுவுல நிறைய இடம் சும்மா கிடக்குது. வெட்டிடட்டுமா?”

“வேண்டாம். அங்கதான் அவங்க யோசிக்கிறாங்க.”

“கேக்குறவங்க ரேடியோ நின்னுபோச்சுன்னு நெனைச்சுக்குவாங்க.”

“நெனைக்கட்டும். அது தலையில ரெண்டு தட்டு தட்டுவாங்க. அப்புறம் காதைக் கிட்ட கொண்டு வருவாங்க. எனக்கு அது போதும்.”

வானொலி நிலையத்தின் குளிர்ந்த ஒலியறையில் இருவருக்கும் நடந்த முதல் பேச்சு இவ்வளவுதான். வெட்டட்டுமா என்று கேட்ட அவன் அங்கே ஒலிப்பதிவாளன். அவள் புதிதாகச் சேர்ந்த செய்தியாளர். கேள்வி கேட்பதில் அவளுக்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதில்தான் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதிரே இருப்பவர் நெளிவார், இருமுவார், தண்ணீர் கேட்பார்; அவள் அசையமாட்டாள். கடைசியில் அவரே தாங்கமாட்டாமல், சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததைச் சொல்லிவிடுவார். சக ஊழியர்கள் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பேர் வைத்தார்கள். அவளுடைய ஒலிநாடாக்களை மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, அந்த மௌனங்களிலேயே மனதைப் பறிகொடுத்தவனுக்குக் ‘காது’ என்று பேர் வந்தது. பூட்டும் காதும் கல்யாணம் செய்துகொண்டபோது, இந்த வீட்டில் யார்தான் பேசப்போகிறார்கள் என்று நிலையமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு பொய்யாகிப்போனது. வெளியே அத்தனை பேருக்கும் காத்திருக்கிறவள் வீட்டுக்குள் வந்தால் காத்திருக்கமாட்டாள். நாள் முழுக்கப் பூட்டிவைத்த வாயை வாசற்படியிலேயே திறந்துவிடுவாள். அவன் ஒரு பேச்சை ஆரம்பித்து, சரியான சொல்லுக்காகக் கொஞ்சம் நிறுத்தினால் போதும், மீதியை அவளே போட்டு முடித்து, அதற்குப் பதிலும் சொல்லி, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் போடுவாள். அவன் என்ன கறி வாங்கலாம் என்று யோசிக்கிறான், எந்தச் சட்டையைத் தேடுகிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனாலேயே தப்பாகப் போடுகிற ஒன்றிரண்டு இடங்களில் அவன் திருத்துவதில்லை. விட்டுவிடுவான். அப்படி விட்டுவிட்ட பேச்சு ஒன்று பல மாதங்களாக அவன் தொண்டையிலேயே குடியிருந்தது.

அது அக்காவைப் பற்றியது. அவனுடைய அக்கா, ரயிலில் ஒரு பகல் தூரத்தில் தனியாக இருந்தாள். அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை. பேச்சே அவளுக்குத் தொழில், பொழுதுபோக்கு, மருந்து எல்லாம். அக்கா இருக்கிற அறையில் மௌனம் உட்கார நாற்காலி கிடைக்காது. ஓய்வுபெற்ற புதிதில் அவர்களோடுதான் இருந்தாள். அப்போது தொழிற்சாலையில் நடக்கிற தப்புகளைச் செய்திக்காகச் சொல்ல, மனைவியைத் தேடி ஒரு தொழிற்சாலைக் கணக்கர் ரகசியமாக வீட்டுக்கு வந்துபோனார். அவர் யார், என்ன என்று அக்கா கள்ளங்கபடம் இல்லாமல் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். பேச்சு சுற்றிச் சுற்றித் தொழிற்சாலை நிர்வாகத்தின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கருக்கு வேலை போயிற்று. மனைவி அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தை கேட்காததுதான் அக்காவுக்கு ஆறவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிறகு வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

இப்போது மனைவி பத்திரிகையில் புலனாய்வுச் செய்தியாளர். அவன் வீட்டின் இரண்டாவது அறையில், சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டி, சொந்தமாக ஒலிவேலை செய்துகொண்டிருந்தான். அவளுடைய பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பதும் பல வருஷங்களாக அவன் பாடாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு மாலைப்பொழுது முழுசாகப் போகும். மணிக்கட்டு வீங்கி, சாப்பிடும்போது கரண்டி பிடிக்க முடியாமல் போன நாள்கள் உண்டு. பிறகு பத்திரிகை அலுவலகத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தது. பேச்சைப் போட்டால் எழுத்தாக்கித் தரும், சுருக்கித் தரும், எது எதோடு பொருந்துகிறது என்று சேர்த்தும் சொல்லும். வெளியே எங்கும் எதையும் அனுப்பாமல் அலுவலகக் கணினிக்குள்ளேயே வேலை செய்யும்படி வைத்திருந்தார்கள். வந்த புதிதில் ஆளாளுக்கு விழுந்து விழுந்து உபசரித்ததாலும், அது சொன்னதை யாரும் எதிர்த்துப் பேசாததாலும் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர். அவன் மணிக்கட்டு மாப்பிள்ளைக்கு மனசார நன்றி சொன்னது. மாலையில் இருவரும் காலாற நடந்துவிட்டு வர முடிந்தது. அவள் குரலை இயர்போனில் கேட்டபடி உட்கார்ந்திருந்த அந்த மாலைகளை இழந்ததில் ஒரு சின்ன வருத்தம் இருந்ததை அவன் வெளியில் சொல்லவில்லை.

இந்தத் தடவை அவள் எடுத்திருந்தது முதியோர் இல்லங்கள் பற்றிய செய்தி. ஒரே முதலாளிக்குச் சொந்தமான இல்லங்கள், ஊருக்கு ஒரு கிளை. ராத்திரியில் ஆள் குறைவு, ஆனாலும் எந்த அறையிலும் சத்தமே இல்லை என்று ஒரு மகள் வந்து சொன்னதில் ஆரம்பித்தது. அவள் ஆயாக்களையும் சமையல்காரர்களையும் காவலாளிகளையும் பெரியவர்களின் பிள்ளைகளையும் தேடித் தேடிப் பேட்டி எடுத்தாள். பதிவுகள் மலைபோலக் குவிந்தன. ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் அத்தனையையும் மாப்பிள்ளையிடம் கொடுத்து, எல்லோர் பேச்சிலும் பொதுவாக வருகிற சின்ன விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். அது எடுத்துக் கொடுத்தது. ஒரு கிளையில் சமையல்காரர் ‘சத்துப் பால்’ என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தார். இன்னொரு கிளையின் காவலாளி ‘ஆறு மணி டம்ளர்’ என்றிருந்தார். மூன்றாவது கிளையில் ஒரு மகன், சாயங்காலம் ஏதோ இனிப்பாகக் குடித்தபின் அப்பா போனில் பேசுவதே இல்லை என்று குறைப்பட்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள். ஒரே டம்ளர். அவளே நேரில் உட்கார்ந்து கேட்ட பேச்சுகள்தான். ஆனால் அத்தனையையும் ஒரே மூச்சில் நினைவில் வைத்திருக்கிற காது யாருக்கு இருக்கிறது? அன்று வீட்டுக்கு வந்து, “மாப்பிள்ளைக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்ங்க” என்றாள். ஆயாக்கள் சிலரைத் திரும்பப் பார்த்தாள். டம்ளரில் இருந்தது தூக்க மருந்து என்பது உறுதியானது.

செய்தி ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. பத்திரிகையின் இணையப் பக்கத்தில் ஓர் ஆயாவின் குரலையும் சேர்க்க வேண்டும் என்றார் ஆசிரியர். ஆள் அடையாளம் தெரியாதபடி குரலை மாற்றிக் கொடுக்கிற வேலை வழக்கம்போல அவனிடம் வந்தது. எந்தெந்த வாக்கியம் வேண்டும் என்று எழுத்துப் பிரதியில் மஞ்சள் அடித்து அனுப்பியிருந்தாள்.

அன்று காலையில் அக்கா போன் செய்திருந்தாள். எப்போதும் போனை எடுத்தால் இவன் ‘ம்’ கொட்டுவதற்கே இடைவெளி கிடைக்காது. சில மாதங்களாகத்தான் அதில் ஒரு மாற்றம். அன்று ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இன்னொன்றைத் தொடங்குவதற்கு முன் சற்று நேரம் சும்மா இருந்தாள். அந்த இடத்தில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அத்தனை வருஷப் பழக்கத்தில் முதன்முதலாக அவன் அக்கா வீட்டுக் கடிகாரத்தைக் கேட்டான்.

“ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன்டா” என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே. “பேச்சுத் துணைக்கு ஆளுங்க இருப்பாங்களாம். நான் போய்ச் சேந்தா அவங்கதான் பாவம், காதுல பஞ்சு வச்சுக்கணும்.”

எந்த ஹோம் என்று கேட்டான். மனைவி எழுதிக்கொண்டிருக்கிற அந்த முதலாளியின் கிளை இல்லை. ஆனால் அதில் அவனுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. சமையலறையில் நின்றிருந்த மனைவியிடம் போய், “அக்கா பேசினா. அவளுக்கு இனிமே...” என்று ஆரம்பித்துச் சொல்லுக்காக நிறுத்தினான்.

“கண்ணுதானே? அந்தக் கண்ணாடிய மாத்தச் சொல்லி எவ்வளவு நாளாச்சு. நல்ல டாக்டர் ஒருத்தரப் பாத்து நேரம் வாங்கிக் குடுங்க, நான் கிளம்புறேன்.” பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சொன்னதில் அக்கறை இல்லாமல் இல்லை. அவன் சொல்ல வந்ததுதான் அதில் இல்லை.

மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆயாவின் பதிவைப் போட்டான். மஞ்சள் அடித்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டே வந்தான். முக்கியமான ஒன்று, மனைவி இரண்டு கோடு போட்டு வைத்தது, மட்டும் அகப்படவில்லை. பிரதியில் தெளிவாக இருந்தது. ‘இதை யார் குடுக்கச் சொன்னாங்க?’ என்று அவள் கேட்கிறாள். ‘டாக்டர்தான் குடுக்கச் சொன்னார்’ என்று ஆயா சொல்கிறார். அவனுக்கு அவளுடைய கேள்வி கேட்டது. பிறகு மின்விசிறி கேட்டது. தூரத்தில் ஒரு குழாய் சொட்டியது. ஆயா மூச்சு இழுத்துவிட்டார். அவ்வளவுதான். பிறகு வேறு பேச்சு.

முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டான். சமீபமாக இடது காதில் ஓர் இரைச்சல் இருந்தது. காதையே பேராக வைத்துக்கொண்டு பிழைக்கிறவன் அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒலியைக் கூட்டினான். விசிறியின் இரைச்சலை வடிகட்டினான். இயர்போனை மாற்றினான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி கேட்டான். ஆயா மூச்சு இழுப்பது இப்போது பக்கத்தில் உட்கார்ந்து அழுவதுபோலக் கேட்டதே தவிர, வார்த்தை இல்லை. இல்லாத வார்த்தை, வடிகட்டினால் எப்படி வரும்?

பிறகு அவனுக்கு ஒன்று தோன்றியது. வேறு இரண்டு பேட்டிகளின் பிரதியை எடுத்து, அவள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற இடங்களை மட்டும் ஒலியோடு வைத்துப் பார்த்தான். ஓரிடத்தில் ‘ஆமாம், அப்படித்தான்’ என்று இருந்தது. பதிவில் நாற்காலி கிறீச்சிட்டது மட்டும்தான். இன்னோரிடத்தில், பேச்சே இல்லாத நேரத்தில், ‘மிக்க நன்றி’ என்று ஒரு மரியாதை. மற்றவர்கள் எடுக்கிற பேட்டியில் இவ்வளவு நீளமாக யாரும் சும்மா இருப்பதில்லை. அதனால் அலுவலகத்தில் யாருக்கும் இது தட்டுப்படவில்லை. மாப்பிள்ளைக்குப் பேச்சு நின்றால் பொறுக்கவில்லை. அங்கே எது வந்தால் பொருத்தமாக இருக்குமோ அதைத் தானே போட்டுக்கொண்டது. அவளுடைய மொத்த வித்தையும் எந்த இடத்தில் இருந்ததோ, சரியாக அந்த இடத்தில்.

அவள் வந்ததும் வராததுமாக, “அந்த ஆயா பதிவுல ஒரு இடத்துல...” என்றான்.

“சத்தம் சரியா வரலையா? பரவாயில்லங்க, எழுத்துல இருக்குல்ல, அத மட்டும் போட்டுக்கலாம்.”

எப்போதும்போல விட்டுவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே அந்த இல்லத்து டாக்டரின் பேரைப் படிக்கப்போகிறது. “உக்காரு” என்றான். கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப்போய், தன் நாற்காலியில் உட்காரவைத்து, இயர்போனை அவள் தலையில் மாட்டினான். அவள் கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தடவை கேட்கும்போது அவள் கண் பிரதியில் இல்லை, சுவரில் இருந்தது. பஞ்சுச் சுவர் அவளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இது அவங்க பேசினதில்ல” என்றாள் கடைசியில். “இது நான் சும்மா இருந்த இடம்.”

உடனே அலுவலகக் கணினியைத் தொடர்புகொண்டு, இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளையிடமே கேட்டாள். அது ரொம்பப் பணிவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதே இடத்துக்கு இன்னொரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தது. அதுவும் நன்றாகத்தான் பொருந்தியது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒரு விதத்துல ஒனக்குச் சொந்தக்காரன்தான் இந்த மாப்பிள்ளை” என்றான். “நான் வாயத் தொறந்து கொஞ்சம் நிறுத்தினா, நீயும் இப்படித்தான் மீதியப் போட்டுக்குவ. பொருத்தமாத்தான் இருக்கும்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆசிரியரிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை நிறுத்திவைத்தாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார், திட்டவில்லை. அந்த டாக்டரிடம் பதில் கேட்காமல் பேர் போட்டிருக்கமாட்டோம்தான், ஆனால் அச்சுக்குப் போகிற அவசரத்தில் அவர் மறுத்தாலும் யார் நம்பியிருப்போம் என்று அவரே சொன்னாராம். அவள் பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஆயாவின் வீட்டுக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துவைத்த துணி காய்கிற முற்றத்தில் உட்கார்ந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஆயா பயந்துபோனார்.

“நான் அப்படிச் சொல்லலியேம்மா. அந்த மனுசன் ஒருத்தர்தான் எங்களுக்காகச் சண்ட போட்டாரு. அவரு பேர இழுத்துவிட்டிருந்தா எனக்குச் சோறு எறங்குமா?”

அவள் பதில் சொல்லவில்லை. துணிகள் காற்றில் படபடப்பது மட்டும் பதிவாகியிருந்தது. அன்று மாலை அவன் அதைக் கேட்டான். அது நீண்டுகொண்டே போயிற்று. பிறகு ஆயாவின் குரல் வந்தது, ரொம்பத் தாழ்வாக. மருந்து பாட்டிலை நிர்வாகிதான் தன் கையால் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் கேட்டால் சத்து மருந்து என்று சொல்லச் சொன்னார். அதைக் கண்டுபிடித்துவிட்ட பிறகு டாக்டரை அந்தப் பக்கம் வரவே விடவில்லை.

டாக்டரும் பேசினார். வேறு கிளைகளின் ஆயாக்கள் இருவர் அதையே சொன்னார்கள். முதலாளியின் தரப்பையும் கேட்டு, அடுத்த வாரம் செய்தி வந்தது. ஆறு மணி டம்ளர் நின்றது. அதிகாரிகள் கிளை கிளையாகப் போனார்கள். அலுவலகத்துக்கு வந்த போன்களில் ஒன்று, குறைப்பட்டுக்கொண்ட அந்த மகனுடையது. அப்பா நேற்று போனில் விடாமல் திட்டினார் சார், கேட்கச் சந்தோஷமாக இருந்தது என்றாராம். டாக்டர் தன் கையெழுத்தில் ஒரு வரி நன்றி எழுதி அனுப்பியிருந்தார். அவர் பேர் எப்படி மயிரிழையில் தப்பியது என்பதை அவள் போய் நேரிலேயே சொன்னாள். அவர் வெகுநேரம் அவள் கையை விடவில்லையாம்.

மாப்பிள்ளையை யாரும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை. அது இல்லாவிட்டால் அந்த டம்ளரே கண்ணில் பட்டிருக்காது. அந்த நன்றியை அவர்கள் மறக்கவில்லை. தனியாகக் கடைக்கு அனுப்புவதில்லை, அவ்வளவுதான். அது எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு மேற்கோளையும் ஒரு மனிதர் ஒலியோடு வைத்துக் கேட்ட பிறகே அச்சுக்குப் போகவேண்டும் என்று ஆசிரியர் விதி போட்டார். அந்த மனிதர் யார் என்று பேச்சே எழவில்லை. பதிவுகள் மறுபடி பஞ்சு அறைக்கு வர ஆரம்பித்தன. தட்டச்சு இல்லை, கேட்பது மட்டும். அவன் தன் காதை ஒரு காது டாக்டரிடம் காட்டினான். வயசுக்கு உரிய இரைச்சல்தான், வேலைக்கு ஒன்றும் பாதகம் இல்லை என்றார். அந்த இரைச்சலுக்குக்கூட அவன் நன்றி சொல்லிக்கொண்டான்.

ஒரு விடுமுறை நாள் முற்பகல். ஜன்னல் வழியாக வெயில் மேஜைமேல் பாதி ஏறியிருந்தது. அவன் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தான். அக்காவிடமிருந்து சற்றுமுன்தான் போன் வந்திருந்தது. அந்த இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியாகிறதாம். மாதம் பிறந்ததும் போய்ச் சேரலாமாம். சொல்லிவிட்டு அக்கா சும்மா இருந்தாள். கடிகாரம் ஓடியது.

“அக்கா...” என்று ஆரம்பித்தான். சொல் வரவில்லை. நின்றுவிட்டது.

மனைவி வாயைத் திறந்தாள். அவனுக்குத் தெரியும், இப்போது கண்ணாடி வரும், அல்லது டாக்டர் வருவார். அவள் திறந்த வாயை மூடினாள். கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்காவுக்கு என்ன? சொல்லுங்க” என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனை வருஷமாக அந்த மௌனத்தை அவன் காதால் கேட்டிருக்கிறான். அதற்கு எதிரே உட்கார்ந்தது இல்லை. அவள் அப்போது இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வாள் என்பதுகூட இன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணை எங்கும் திருப்பவில்லை. அவசரப்படுத்தவில்லை. ஒரு தடவை அவள் உதடு லேசாகத் துடித்தது, கடித்துக்கொண்டாள். அவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைக்கும்போதே அவனுக்கு நெஞ்சு இளகிற்று. ஒண்ணுமில்ல, விடு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட இப்போதும் முடியும். பஞ்சு ஒட்டிய அறை ஞாபகத்துக்கு வந்தது. வேலை போன அந்தக் கணக்கரின் முகம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிய அக்காவின் முதுகு வந்தது. தேநீரின் மேல் ஆடை படிந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். மடக்கிய கட்டைவிரல் மடக்கியபடியே இருந்தது.

“அக்கா நம்மகூட வந்து இருக்கட்டுமா?” என்றான்.